கடைசித் தண்ணீர்

தை பிறந்து பத்து நாள் இருக்கும். கொடைக்கானலில் ஏரியை ஒட்டிய பள்ளத்தில் ஒரு விடுதி. காலை ஆறே கால் மணிக்கு வெளியே வந்தால், எங்கள் காருக்கு யாரோ ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளையடித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. கூரை, பானட், முன் கண்ணாடி எல்லாம் வெள்ளை. விரலை வைத்து இழுத்தால் சீனியைப் போல நறநறத்தது. நாலடி தள்ளி ஒரு மரத்தடியில் நின்ற வாடகை ஜீப்பில் ஒரு பொட்டு வெள்ளைகூட இல்லை. அதைக் கண் பார்த்தது. ஏன் என்று மனசு கேட்கவில்லை. திண்டுக்கல்லில் பத்தரைக்கு முகூர்த்தம். ஏழு மணிக்குள் மலையிலிருந்து கிளம்பியாக வேண்டும். அதற்குள் என் மச்சான் குளியலறைக் கீசரைத் திறந்து ஒரு வாளி வெந்நீர் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஜீப் டிரைவருக்கு அறுபது வயது இருக்கும். மப்ளரை அவிழ்த்துக்கொண்டே ஓடி வந்தார். "சார், வெந்நி வேணாம் சார், கண்ணாடி விட்டுரும்!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் வாளி சாய்ந்துவிட்டது. பனி நொடியில் கரைந்தது. கூடவே நகத்தைச் சுண்டுவது போல ஒரு சத்தம். மூன்று மாதம் முன்பு வத்தலக்குண்டு சாலையில் ஜல்லி லாரியிலிருந்து தெறித்த கல் ஒன்று கண்ணாடியின் கீழ் ஓரத்தில் கடுகளவு புள்ளி போட்டிருந்தது. அந்தப் புள்ளியிலிருந்து ஒரு கீறல் கிளம்பி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சாண் நீளத்துக்கு மேலே ஏறி நின்றது.

யாரும் பேசவில்லை. டிரைவர் தன் ஜீப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சொம்பை எடுத்தார். வெளிக்குழாயில் பச்சைத்தண்ணீர் பிடித்து, மிச்சமிருந்த வெள்ளையின் மேல் மெல்ல ஊற்றி, ஊற்றிய கையோடு காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டே வந்தார். "பச்சைத்தண்ணியே போதும் சார். ஆனா உடனே தொடச்சிரணும். சொட்டு நிக்கக் கூடாது" என்றார்.

அவர் சொன்னதில் இரண்டு பாடம் இருக்கிறது. வெந்நீர் ஏன் கூடாது என்பது ஒன்று. சொட்டு ஏன் நிற்கக் கூடாது என்பது மற்றொன்று. முதலாவதைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். இரண்டாவதுதான் கொடைக்கானலில் தொடங்கி, கனடா வரைக்கும் போய், திரும்பத் திண்டுக்கல்லில் என் வீட்டு வாசலில் வந்து நிற்கிற விஷயம்.

ஒரு மீட்டர் நீளக் கண்ணாடியை ஒரு டிகிரி சூடாக்கினால் அது நீளுவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கீசர் தண்ணீர் 60 டிகிரி. பனி பிடித்த கண்ணாடி பூஜ்யத்துக்கும் கீழே. வெந்நீர் பட்ட இடம் மட்டும் அரை மில்லிமீட்டர் அளவுக்கு விரியப் பார்க்கிறது. ஓரங்கள் இன்னும் குளிரில் இறுகிக் கிடப்பதால் இடம் கொடுப்பதில்லை. நடுவில் அமுக்கம், ஓரத்தில் இழுவை. கண்ணாடி எவ்வளவு அமுக்கினாலும் தாங்கும்; இழுத்தால் தாங்காது. இழுவிசை எங்கே பலவீனம் இருக்கிறதோ அங்கே போய்க் குவியும். எங்கள் காரில் அது அந்தக் கடுகுப் புள்ளி.

பக்கத்துக் கண்ணாடிகளில் ஊற்றியிருந்தால் அநேகமாக ஒன்றும் ஆகியிருக்காது. அவை 600 டிகிரிக்கு மேல் காய்ச்சி, காற்றடித்துச் சட்டென்று குளிரவைத்து இறுக்கப்பட்டவை. முன் கண்ணாடி வேறு வகை: இரண்டு சாதாரணக் கண்ணாடித் தகடுகள், நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏடு. உடைந்தாலும் சில்லுகள் முகத்தில் பாயாமல் ஏட்டோடு ஒட்டி நிற்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1909இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். உயிரைக் காக்கிற அந்தக் கண்ணாடிக்குத் திடீர்ச் சூட்டைத் தாங்கும் திறன் குறைவு.

பச்சைத்தண்ணீர் எப்படிப் போதும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிராம் பனிக்கட்டி கரைய 80 கலோரி வெப்பம் வேண்டும். கண்ணாடி மேல் படிந்திருந்த வெள்ளை எல்லாவற்றையும் வழித்தெடுத்தால் 100 கிராம் தேறும் என்று வையுங்கள். அதற்கு 8,000 கலோரி. கொடைக்கானல் தொட்டித் தண்ணீர் காலையில் 10 டிகிரி என்றால், பூஜ்யத்துக்கு இறங்குவதற்குள் ஒவ்வொரு கிராமும் 10 கலோரி கொடுக்கும். ஆகவே 800 கிராம். கிட்டத்தட்ட டிரைவரின் ஒரு சொம்பு. அவர் யாரிடமும் கணக்குக் கேட்கவில்லை; அவர் கைக்கு அந்த அளவு தெரிந்திருந்தது.

இனி அந்த மரத்தடி ஜீப்.

திண்டுக்கல் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஏறினால் காற்று ஆறரை டிகிரி குளிரும் என்பது பொதுவான கணக்கு. திண்டுக்கல்லில் தை மாத ராத்திரி 19 டிகிரி என்றால் கொடைக்கானலில் 7 டிகிரி வர வேண்டும். 7 டிகிரியில் தண்ணீர் உறையாது. அப்படியானால் உறைபனி எங்கிருந்து வந்தது?

வானத்திலிருந்து விழவில்லை. நாம் 'பனி பெய்கிறது' என்கிறோம். புல்மேல் நிற்கும் துளி, மலையை மூடும் மூட்டம், கொடைக்கானல் உறைபனி, கனடாவின் பஞ்சுப்பனி எல்லாவற்றுக்கும் தமிழில் பனி என்ற ஒரே சொல்தான். ஆண்டையே முன்பனி, பின்பனி என்று பகுத்தவர்கள் நாம். ஆனால் புல்மேல் துளியும் காரின் மேல் வெள்ளையும் பெய்வதில்லை. இருந்த இடத்திலேயே விளைகின்றன. இதைச் சோதனை செய்து நிறுவியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர். ராத்திரி ராத்திரியாகத் தோட்டத்தில் தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார்ந்து, 1814இல் பனித்துளியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது: புல்தரையில் நான்கு குச்சிகளை நட்டு, மேலே ஒரு கைக்குட்டையைப் பந்தல் போல விரித்தார். பந்தலுக்குக் கீழே இருந்த புல், பக்கத்தில் வெட்டவெளியில் இருந்த புல்லைவிடக் கதகதப்பாக இருந்தது.

கைக்குட்டை சூடு கொடுக்கவில்லை. வானத்தை மறைத்தது, அவ்வளவுதான். எந்தப் பொருளும் சும்மா இருக்கும்போதே அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் கார் கூரை, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 300 வாட். மேலே மேகம் இருந்தால் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். தை மாதத்துக் கொடைக்கானல் வானத்தில் மேகமும் இல்லை, ஈரப்பதமும் சொற்பம். அது திருப்பித் தருவது முக்கால் பங்குதான், சில ராத்திரிகளில் அதற்கும் கீழே. மிச்சம் விண்வெளிக்குப் போய்விடுகிறது. காரின் கூரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது. பூமியைப் போல உள்ளே சூட்டைச் சேமித்து வைத்திருக்காது. சுற்றியுள்ள காற்று வெப்பம் கொடுக்காமல் இருந்தால் அரை நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் அது குளிர்ந்துகொண்டே போகும். காற்று கொஞ்சம் ஈடுகட்டுவதால், காற்றைவிட மூன்று நான்கு டிகிரி கீழே வந்து நிற்கிறது. கூடவே, குளிர்ந்த காற்று கனமானது. சரிவுகளில் தண்ணீரைப் போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் கொடைக்கானலில் உறைபனி முதலில் ஏரியைச் சுற்றியும் ஜிம்கானா மைதானத்திலும் தலைகாட்டுகிறது. மேட்டில் இருக்கும் வீடுகள் தப்பிவிடுகின்றன. நாங்கள் பள்ளத்தில், வெட்டவெளியில் நிறுத்தியிருந்தோம். ஜீப்புக்கு மரம் வெல்ஸின் கைக்குட்டையாக இருந்தது. வண்டியின் நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெள்ளை பெயின்டும் கறுப்பு பெயின்டும் அகச்சிவப்பில் ஏறக்குறைய ஒன்றுபோலவே வெப்பத்தை விடும்.

இந்த ரகசியத்தை வெல்ஸுக்கு முன்பே நம் நாட்டில் தொழிலாகச் செய்தவர்கள் இருந்தார்கள். கங்கைச் சமவெளியில் அலகாபாத் பக்கம், இயற்கையில் பனிக்கட்டியையே காண முடியாத ஊர்களில், பனிக்கட்டி விளைவித்தார்கள். ஆழமில்லாத குழி வெட்டி, கரும்புச் சோகையும் சோளத்தட்டையும் பரப்பி, அதன்மேல் மெருகேற்றாத மண் சட்டிகளை வரிசையாக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். தெளிந்த குளிர்கால ராத்திரியில், விடியும் முன் சட்டிகளில் பனிக்கட்டி நிற்கும். ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி இதை நேரில் பார்த்து 1775இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அங்கே வேலை செய்தவை இரண்டு: வானத்துக்குப் போகும் கதிர்வெப்பம், சட்டியின் மேலும் அதன் நுண்துளைகள் வழியாகவும் ஆவியாகும் தண்ணீர் எடுத்துச் செல்லும் வெப்பம். நம் வீட்டு மண்பானை தண்ணீரைக் குளிர்விப்பதும் இந்த இரண்டாவதால்தான்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொடைக்கானலில் கார் கழுவினால், நீங்கள் அலகாபாத் பனிக்கட்டிப் பண்ணை நடத்துகிறீர்கள் என்று அர்த்தம். காற்று 4 டிகிரியில் இருந்தாலும், ஈரமான தகடு ஆவியாதலாலும் கதிர்வீச்சாலும் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். டிரைவர் சொன்ன 'சொட்டு' இங்கே வேலையைக் காட்டும். கதவு பீடிங்கில் தங்கிய சொட்டு உறைந்து ரப்பரைத் தகட்டோடு ஒட்டிவிடும். காலையில் கதவை வெடுக்கென்று இழுத்தால் பீடிங் கிழிந்து கையோடு வரும். வைப்பர் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். தெரியாமல் சுவிட்சைப் போட்டால் மோட்டார் திணறும். பின் சக்கர டிரம்மில் தேங்கிய ஈரம் உறைந்தால் கைபிரேக் விடாது. உறையும்போது தண்ணீர் ஒன்பது சதவீதம் பெருக்கிறது. சின்ன இடுக்கில் அந்தப் பெருக்கத்தை எதிர்த்து நிற்கக்கூடியது அதிகம் இல்லை.

ஆகவே மலையில் வண்டி கழுவியே தீர வேண்டும் என்றால் நேரம்தான் முதல் விதி. வெயில் ஏறி, தகட்டைத் தொட்டால் சில்லென்று இல்லாதபோது, பதினொரு மணிக்குமேல் தொடங்கி இரண்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். வெதுவெதுப்புகூட வேண்டாம், குழாய்த் தண்ணீரே போதும். கழுவியதும் நான்கு கதவையும் டிக்கியையும் திறந்து பீடிங்கை விரலில் துணி சுற்றித் துடைத்து எடுக்க வேண்டும். பிறகு ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கை நாலைந்து முறை மெல்ல மிதித்தால் அந்தச் சூட்டில் டிரம் காய்ந்துவிடும். ராத்திரி சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுக் கைபிரேக்கை விட்டுவிடலாம். லாரி கிளீனர்கள் கட்டை போடுவதை நாம் பழைய காலத்துப் பழக்கம் என்று நினைக்கிறோம். உறைபனி இரவில் அதைவிட நல்ல பிரேக் இல்லை.

என்னோடு திண்டுக்கல்லில் பள்ளியில் படித்த நண்பன் ஒருவன் இப்போது டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறான். 1983க்குப் பிறகு ஈழத்திலிருந்து போனவர்கள் வேர்விட்டு, தமிழ்ப் பெயர்ப்பலகைகளோடு கடைத்தெருக்கள் உருவான இடம் அது. அவன் அங்கே கழித்த முதல் குளிர்காலத்தில் போனில் சொன்னது: "வண்டி பூரா வெள்ளையா இருக்கேன்னு பனின்னு நெனைச்சேன்டா. தொடச்சுப் பாத்தா அத்தனையும் உப்பு."

அங்கே சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள். உப்புக் கரைந்த தண்ணீர் பூஜ்யத்தில் உறையாது. நல்ல அடர்த்தியில் மைனஸ் 21 டிகிரி வரைக்கும் தண்ணீராகவே நிற்கும். அதனால் சாலையில் பனிக்கட்டி ஒட்டாது, உயிர்ச்சேதம் குறையும். டொராண்டோ இருக்கும் மாகாணத்திலேயே, ஹூரான் ஏரிக்கரையில் காடரிச் என்று ஓர் ஊர். 1866இல் எண்ணெய் தேடித் துளை போட்டார்கள்; எண்ணெய் வரவில்லை, உப்பு வந்தது. இன்று ஏரிக்கு அடியில் 500 மீட்டருக்கும் கீழே போகும் அந்தச் சுரங்கம் உலகத்தின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம். மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் வெயிலில் காய்ச்சி எடுப்பதை அவர்கள் ஏரிக்கு அடியில் வெட்டி எடுக்கிறார்கள்.

சாலையைக் காக்கும் உப்பு வண்டியைத் தின்னும். துரு பிடிக்க இரும்பு, தண்ணீர், ஆக்ஸிஜன் மூன்றும் வேண்டும். உப்பு அந்தத் தண்ணீரை மின்சாரம் கடத்தும் தண்ணீராக்கி, வேலையைப் பல மடங்கு விரைவுபடுத்துகிறது. அதிகம் படுவது வண்டியின் அடிப்பாகமும் மட்கார்டின் உள்பக்கமும். கண்ணில் படாத இடங்கள். ஒரு சங்கதி என்னை ஆச்சரியப்படுத்தியது. உப்புச் சேற்றோடு வந்த வண்டியைக் கதகதப்பான கராஜில் விடுவது, வெளியே மைனஸ் பத்தில் விடுவதைவிடக் கெடுதல். வெளியே பெரும்பகுதி உறைந்து கிடக்கும். வேதிவினை மிகவும் மந்தமாகும். உள்ளே பனி உருகி, உப்புநீர் ஒவ்வொரு இடுக்கிலும் ஊறும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது வாண்ட் ஹாஃப் சொன்ன கணக்கு. வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு, 1901இல், அவருக்குத்தான் கிடைத்தது.

அதனால் அங்கே குளிர்காலத்திலும் கழுவியாக வேண்டும். வெப்பநிலை பூஜ்யத்தைத் தாண்டும் ஒரு நாளுக்காகக் காத்திருப்பார்கள். அந்த நாள் வந்தால் வாட்டர் வாஷ் கடைகளில் வரிசை தெருவுக்கு வரும். அடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் இடமாகப் பார்த்துப் போகிறான் என் நண்பன். மேலே பளபளவென்று கழுவி அடிப்பாகத்தை விட்டுவிட்டால் காசு வீண். முடிந்ததும் காற்றடித்துக் காயவைத்து, எல்லாக் கதவையும் இரண்டு முறை திறந்து மூடி, அதன் பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புகிறான். மைனஸ் பத்தில் வாசலில் வாளியோடு நின்றால் ஊற்றிய தண்ணீர் தகட்டிலேயே உறைந்துவிடும். கீழே வழிந்தது தபால்காரர் வழுக்கி விழும் பாறையாகும். கொடைக்கானல் டிரைவரின் சொம்பு அங்கே உதவாது. அவர் சொம்புக்குத் துணையாகச் சுற்றிலும் பூஜ்யத்துக்கு மேலே இருந்த காற்று இருந்தது. ஸ்கார்பரோவில் அந்தத் துணை இல்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது என் கண் என் காரின் மேலேயே இருந்தது. பானட்டில் வட்ட வட்டமாக வெள்ளைத் தடம். எங்கள் ஊரில் எந்தக் காரில்தான் இல்லை?

திண்டுக்கல் சமவெளியின் அடியில் கெட்டிப்பாறை. போரில் வரும் தண்ணீர் பாறை வெடிப்புகளில் ஆண்டுக்கணக்கில் ஊறிக் கிடந்து, சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு வருகிறது. ஊரைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் தொழிற்சாலைகள் வேறு. பச்சைத் தோல் அழுகாமல் இருக்கத் தடவிய உப்பைக் கழுவி விட்ட தண்ணீர் பல ஆண்டுகளாக மண்ணில் இறங்கியிருக்கிறது. கிணற்று நீர் கெட்டு விவசாயத்தை விட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் இழப்பின் முன்னால் கார் பெயின்ட் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த நிலத்தில் நடந்ததன் சாட்சி கார் மேலும் எழுதப்படுகிறது. ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கத்திலிருந்தும் பேரணையிலிருந்தும் வருவது 'நல்ல தண்ணி', அது குடிக்க. கார் கழுவ 'உப்புத்தண்ணி'. இந்தப் பங்கீட்டை நான் குறை சொல்லமாட்டேன். குடிக்கிற தண்ணீரில் கார் கழுவக் கூடாது.

ஒரு லிட்டரில் 2,000 மில்லிகிராம் உப்புகள் கரைந்த போர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். இந்தியத் தரநிலை, வேறு வழியில்லாதபோது குடிநீரில் அனுமதிக்கும் மேல்வரம்பு அது. கழுவி முடித்த காரில் கால் லிட்டர் தண்ணீர் துளிகளாகத் தங்கினால், வெயில் அதை உறிஞ்சிய பின் அரை கிராம் உப்பு தகட்டில் நிற்கும். சாதாரண உப்பு அடுத்த கழுவலில் கரைந்து போகும். சுண்ணாம்பு போகாது. கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் காயும்போது கல்லாக மாறிவிடுகிறது. கீசருக்குள் பிடிக்கும் அதே கல். தேய்த்தால் பெயின்ட்தான் தேயும். தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரைத் துணியில் நனைத்து ஒரு நிமிடம் வைத்து, உடனே நன்றாக அலசினால் இளகும்.

மார்கழியில் எங்கள் தெருவில் விடியற்காலையில் இன்னொன்று பார்க்கலாம். காரெல்லாம் பனித்துளியில் நனைந்து நிற்கும். 'தண்ணிதான் இருக்கே' என்று பழைய துணியால் அப்படியே துடைத்துவிடுவார்கள். அந்தத் துளிக்குள் முந்தின நாள் சாலைப் புழுதி ஊறியிருக்கிறது. புழுதியில் மணல், மணலில் குவார்ட்ஸ், இரும்பைவிடக் கடினம். துணி அதை உருட்டிக்கொண்டு போகும் வழியெல்லாம் பெயின்டின் மேல்பூச்சில் கீறல். வெயிலில் வண்டியைச் சாய்த்துப் பார்த்தால் சிலந்திவலை போலத் தெரியும். துடைக்கும் முன் ஒரு வாளி தண்ணீரை மேலிருந்து சும்மா ஊற்றிப் புழுதியை இறக்கிவிட்டால் போதும்.

நாகல்நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் உறைந்துபோகும் கார் பூட்டைப் பற்றிக் கேட்டேன். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு, உள்ளே நெம்புகள் அடுக்கிய பூட்டு. அவர் கையால் ராவி ராவிச் செய்பவர். பனி அவருக்குப் பழக்கமில்லை, துரு பழக்கம். "எதுவும் உள்ளாற நிக்கப்படாது தம்பி. எண்ணெயும் நின்னா தூசியப் புடிச்சுக் களிம்பாயிரும். பென்சில் முனையத் தூளாக்கிப் போடுங்க, சாவி வழுக்கிக்கிட்டுப் போவும்." பென்சில் கரி கிராஃபைட், ஈரத்தை இழுக்காது, குளிரில் இறுகாது. குளிர்நாடுகளில் பூட்டுக்கு இதையேதான் போடுகிறார்கள்.

கண்ணாடி மாற்றிய பிறகு, பழனி சாலையில் ஒரு வாட்டர் வாஷ் கடையில் வண்டியை விட்டேன். நுரையடித்து, பீய்ச்சி, துணி போட்டு எல்லாம் முடிந்தது. நான் சாவியை வாங்கக் கை நீட்டினேன். பையன் கொடுக்கவில்லை. காற்றுக் குழாயை எடுத்து டிக்கிக் கைப்பிடிக்குள் அடித்தான், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் அடித்தான், பெட்ரோல் மூடியைத் திறந்து அடித்தான். பிறகு பக்கக் கண்ணாடிக்குக் கீழே வந்து நின்றான். அதன் மூட்டு இடுக்கிலிருந்து ஒரு நூல் தண்ணீர் இறங்கி, துடைத்து முடித்த கதவில் கோடு போட்டது. துடைத்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஒரு நூல் இறங்கியது.

"இது எப்பவும் கடைசியாத்தான் வரும்ணே" என்றான். துணியை மடித்துப் பிடித்தபடி அங்கேயே நின்றான்.